ஏற்றத்துக்கு கியர், இறக்கத்துக்கு பிரேக்!

சைக்கிள் ஸ்டாண்டு இல்லாத கல்லூரி உண்டா? நாங்கள் படித்த காலத்தில் மேட்டுப்பாளையம் வரை மிதித்துப் போவோம். அங்கே நின்று நீலகிரியை அண்ணாந்து பார்த்து, "குன்னூர் வரைக்கும் ஏறிடலாமா மச்சான்?" என்று ஒருவரையொருவர் உசுப்பேற்றுவதோடு சரி. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளோ மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். சந்தோஷம்! ஆனால் எஞ்சினியர் என்பதால் என்னிடம் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்தப் பார்ட்டை மாத்தினா ஈஸியா ஏறலாம்?" பத்திரமாக இறங்க எதை மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. மலை சைக்கிளின் சரித்திரமோ அந்தக் கேட்காத கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் நம் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் வந்த ரயில் அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு 1 அடி என்ற அளவில் ஏற்றம். தண்டவாளத்தின் நடுவில் பல் சட்டம் போட்டு, அதில் எஞ்சினின் பல் சக்கரம் கவ்வும்படி செய்தார்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் வேறு! ஏற்றுவதற்குப் பட்ட பாடு ஒரு பங்கு என்றால், பிடித்து நிறுத்தப் பட்ட பாடு இன்னொரு பங்கு.

சைக்கிளுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மலைப் பாதையில் கார்க்காரர் இரண்டாம் கியர் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நம் வண்டியில் இருப்பதோ ஃப்ரீவீல். சமதளத்தில் வரம், இறக்கத்தில் சாபம். முழு பாரமும் பிரேக் கட்டையின் தலையில்தான். ஒரு சின்னக் கணக்கு: ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,400 மீட்டர் இறக்கம். அதில் வெளிப்படும் சக்தி 3 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்குகிறவருக்குப் பெரும்பகுதி ரிம்மில்தான் சூடாக இறங்கும்.

முருகப்பா குழுமம் 1949-இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸை ஆரம்பித்தது. அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் நம் அப்பா, தாத்தாக்களின் வண்டி. மூட்டை சுமக்கும், வருஷத்துக்கு ஒரு ஓவராயில் போதும். ஆனால் அதன் கம்பி பிரேக் இரும்பு ரிம்மைப் பிடிப்பது. மழையில் நனைந்தால் வழுக்கும். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல் ஓடும். சமவெளிக்கு அருமை. மலையில் ஏறவும் ஆகாது, இறங்கவும் ஆகாது.

இதே சங்கடம் 1970-களில் கலிபோர்னியாவிலும் வந்தது. மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் மண் பாதையில் இறங்கி விளையாடுவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் அது. ஒரே இறக்கத்தில் ஹப் சூடேறி கிரீஸ் புகையாகப் போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது! கேரி ஃபிஷர் தன் வண்டியில் டிரம் பிரேக்கும், மோட்டார் சைக்கிள் லீவரும், கியரும் மாட்டினார். ஜோ ப்ரீஸ் 1977-இல் இதற்கென்றே புது ஃபிரேம் கட்டினார். 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. 1982-இல் ஷிமானோ மலை சைக்கிளுக்கென்றே டியோர் எக்ஸ்டி பாகங்களைக் கொடுத்தது. 1996-இல் ஒலிம்பிக்கிலும் இடம்! 2008 டிசம்பரில் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' தொடங்கியபோது அந்தப் பரம்பரை நம்ம மலைக்கும் வந்து சேர்ந்தது.

இனி மாற்றும் விஷயம். பாகங்கள் தனித்தனி ஆள் அல்ல, ஒரு குடும்பம். 8 கியர் பல்சக்கரங்களுக்கு இடையே 4.8 மி.மீ. இடைவெளி, 9 கியரில் 4.35 மி.மீ. ஒன்றின் ஷிஃப்டரை இன்னொன்றோடு சேர்த்தால் சண்டைதான். அதே மாதிரி வி-பிரேக்குக்கு அதிக கேபிள் இழுக்கும் லீவர் வேண்டும். பழைய லீவரைப் போட்டால் கைப்பிடி வரை அழுத்தியும் சரியாகப் பிடிக்காது. இதைக் கடையில் கண்டுபிடிப்பது நல்லது, பர்லியார் வளைவில் அல்ல!

ஆகவே தம்பி தங்கைகளே, கையில் காசு இருந்தால் வரிசை இதுதான்: முதலில் பிரேக் கட்டை, கேபிள், டயர். அடுத்து, உட்காரும் உயரமும் லீவர் விரலுக்கு எட்டும் தூரமும். இதற்குப் பெரும்பாலும் ஒரு ஸ்பானர் போதும், செலவில்லை. பிறகு பின் சக்கரத்தில் பெரிய பல். எடை குறைந்த ஃபிரேம் கடைசியில்.

இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டே வராதீர்கள்; அழுத்தி விடுங்கள், அழுத்தி விடுங்கள். ஊட்டியிலிருந்து வருகிறவர்கள் குன்னூரில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். டீ உங்களுக்கு, ஓய்வு பிரேக்குக்கு!