ஒன்பதாவதாக வந்தவர்

அடுத்த செமஸ்டரில் நம்மில் பலர் இன்டர்வியூவுக்குக் கிளம்பப் போகிறோம். அதனால் இந்த முறை நம்ம ஊர்க்காரர் ஒருவரின் இன்டர்வியூ வரலாறு.

ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்தவர் அப்துல் கலாம். எம்.ஐ.டி. படிப்பும் பெங்களூர் எச்.ஏ.எல். பயிற்சியும் முடித்ததும் இரண்டு வேலைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்று விமானப்படை, இன்னொன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு தொழில்நுட்பப் பிரிவு.

டெல்லியில் அந்தப் பிரிவின் கேள்விகள் பாடத்தைச் சுற்றியே இருந்தன. டேராடூனில் விமானப்படையினர் அறிவைவிட ஆளுமையைத்தான் அதிகம் பார்த்தார்கள். அங்கே 25 பேரில் கலாமுக்கு ஒன்பதாவது இடம். எடுத்ததோ எட்டுப் பேரை! பைலட் கனவு அதோடு முடிந்தது. மனமுடைந்து ரிஷிகேஷ் போய், சுவாமி சிவானந்தரைச் சந்தித்துத் தேறினார். டெல்லி திரும்பி விசாரித்தால், மற்ற வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்தது. 1958-இல் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளம்.

1962-இல் பம்பாயில் விண்வெளி ஆராய்ச்சிக் குழு இன்டர்வியூ. தயாராக நேரமே இல்லை. விக்ரம் சாராபாய், இவருக்கு என்ன தெரியும் என்று சோதிக்காமல், இவரால் என்ன முடியும் என்று தேடினார். வேலை கிடைத்தது. 1980-இல் ரோகிணியைச் சுமந்து எஸ்.எல்.வி.-3 பறந்தபோது அதன் திட்ட இயக்குநர் கலாம்தான்.

ஒரே விண்ணப்பத்தோடு நிறுத்தாதீர்கள் நண்பர்களே. எந்த மேஜையில் எதைக் கேட்பார்கள் என்று யார் கண்டது?