நல்லூர்த் திருவிழாவும் கூட்டுவழிபாடும்

தனித்திருந்து இறைவனைத் தியானித்தலைச் சைவம் போற்றுகின்றது. எனினும், பலர் ஓரிடத்திற் கூடி ஒரே நேரத்தில் ஒரே பொருளில் மனத்தை நிறுத்தும்போது உண்டாகும் வலிமை வேறொன்றாகும். ஆலயங்களும் மகோற்சவங்களும் இவ்வலிமையை நாடியே வகுக்கப்பட்டன எனலாம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

யாழ்ப்பாண அரசர்களின் தலைநகராய் விளங்கிய நல்லூரில் இருந்த பழைய கோயிலை, 1621 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா இடித்துத் தரைமட்டமாக்கினான். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் சைவ வழிபாட்டைத் தடுத்தே வந்தனர். விரத நாளில் உணவுண்ட வாழையிலையை அதிகாரிகள் காணாவண்ணம் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது எம்மவர் வழிவழியாகக் கூறும் செய்தி. கோயிலும் கொடியும் தேருமின்றி நூறாண்டுக்கு மேற் கழிந்தும் சமயம் அழிந்திலது. வீடுதோறும் ஒளித்து வைக்கப்பட்ட அந்நம்பிக்கை, கூடுவதற்கோர் இடத்தை நாடி நின்றது. 1734 ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவிற் கோயிலை மீள அமைத்தபோது அவ்விடம் கிடைத்தது. இன்றுள்ள கோயில் அதன் வளர்ச்சியேயாகும்.

இக்கோயிலின் மகோற்சவம் கொடியேற்றத்துடன் தொடங்கி இருபத்தைந்து நாள் நிகழ்ந்து ஆவணி அமாவாசையிலே தீர்த்தத்துடன் நிறைவுறும். இருபத்துநான்காம் நாள் தேர். அன்று வைகறையிலேயே வீதி நிறைந்துவிடும். ஆடவர் பிரதட்டை செய்வர். பெண்டிர் தேரின் பின்னே அடியழித்து வருவர். காவடிகள் ஒருபுறம், பசனைக் கூட்டங்கள் ஒருபுறம், தண்ணீர்ப் பந்தல்கள் ஒருபுறம். ஆறுமுகப் பெருமான் தேரில் எழுந்தருளும் கணத்தில், அதுவரை வெவ்வேறாய் எழுந்த ஓசைகள் யாவும் 'அரோகரா' என்னும் ஒரே ஒலியில் அடங்கிவிடுகின்றன. பெருந்தேரைத் தனியொருவர் அசைத்தல் இயலாது. வடம் பிடித்தோர் அனைவரும் ஒருங்கே இழுத்தால் அஃது அசையும். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக இழுப்பின் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருமைப்பாடு என்பது யாது என்பதைக் கல்லாதாரும் தம் கைகளால் அறியும் பாடம் இதுவாகும். பூசைகள் குறித்த நேரம் தவறாது நடைபெறுதல் இக்கோயிலின் சிறப்பு. அந்நேரவொழுங்கே பல்லாயிரவர் மனத்தை ஒரு கணத்திற் குவிக்கத் துணைசெய்கின்றது.

ஆயின், ஈண்டு ஒரு வினா எழுகின்றது. கூடியோர் யார்? யாழ்ப்பாணத்து ஆலயங்கள் பலவற்றில், ஒரே தெய்வத்தை ஒரே பெயரால் அழைத்த மக்களுள் ஒரு பகுதியினர் தலைமுறை தலைமுறையாக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பிறப்புக் காரணமாக ஒருவருக்கு இடையூறு செய்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசங்கோரி மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. அவர்களை மறித்து நின்றோரும் முருகனடியாரே. அந்நியர் இடித்த கோயிலை மீளக் கட்டிய சமூகம், தன்னுள்ளே தானே எழுப்பிய சுவரை இடிக்கத் தயங்கியது. ஒரு பகுதியினரை விலக்கி வைத்துவிட்டு எய்தும் மன ஒருமை குறைபட்டதேயன்றோ?

1987 ஐப்பசியிற் போர் யாழ் நகரைச் சூழ்ந்தபோது, நல்லூர்க் கோயில் ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. திருவிழாவிற் கூடிப் பழகிய இடமே துன்பத்திலும் மக்களை ஒருங்குசேர்த்தது. திருவிழா நாளில் அருகில் நிற்பவரை அடியார் என ஏற்கப் பழகிய சமூகமே, ஆபத்து நாளில் அவரை அயலார் எனத் தள்ளாதிருக்கும்.

ஆதலின், கூட்டுவழிபாட்டின் ஆற்றலைக் கூட்டத்தின் தொகை கொண்டு அளத்தல் பொருந்தாது. வடத்தைப் பிடிக்க விரும்பும் ஒவ்வொரு கைக்கும் அதில் இடமுண்டா என்பதே அதனை அளக்கும் கோல். தேர் நிலைக்கு வருவது அனைவரும் இழுத்தபோதே.