காப்புப்படியும் குறியேற்றமும்: தமிழ்த் தரவுத்தளங்களின் இடமாற்ற வரலாறு

மும்பை விக்ரோலியில் பெருந்தொழில் வளாகம் கொண்டுள்ள கோத்ரெஜ் நிறுவனம், 1955ஆம் ஆண்டு இந்தியாவிலேயே உருவான முதல் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. தட்டச்சுத் தாளுக்கும் அதன் கரிப்படிக்கும் ஒரு சிறப்பு உண்டு. அடித்த பொறி அழிந்தாலும் எழுத்தறிந்தவர் அவற்றைப் படிக்கலாம். கணினித் தரவுத்தளத்தின் காப்புப்படிக்கு இச்சிறப்பு இல்லை. அதனைத் தமிழ்க் கணிமை வரலாற்றின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்புப்படியில் இருப்பன எண்களே. இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்னும் அட்டவணையே குறியேற்றம் எனப்படும். 1990களில் எழுத்துரு உருவாக்கியோர் பலரும் தத்தமக்கெனத் தனி அட்டவணைகளைக் கையாண்டனர். இக்குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியன அறிமுகமாயின. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தது. 2010இல் தமிழக அரசும் அதனை ஏற்றது.

எனினும், பழைய படியை ஒருங்குறிக்கு மாற்றுவது எண்ணுக்கு எண் இடும் எளிய பணியன்று. ‘கொ’ என்னும் எழுத்தைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கும். ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அடுத்து வைக்கும். ஆகவே வரிசையையும் மாற்றியமைத்தல் வேண்டும்.

மென்பொருளின் பதிப்பு மாற்றமும் இடர் தருவதே. மைஎஸ்கியூஎல் 5.7 வரை இலத்தீன் குறியேற்றத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பு ஒருங்குறிக்கு மாறியது. இலத்தீன் எனப் பெயரிட்ட அட்டவணையில் தமிழை இட்டுவைத்த தளங்களை இடம்பெயர்க்கும்போது, எழுத்துகள் இருமுறை குறியேற்றம் பெற்றுச் சிதையக்கூடும். அவ்வேளையில் மென்பொருள் பிழை எதனையும் அறிவிக்காமலும் போகலாம். போஸ்ட்கிரெஸ் தளத்தின் கோப்புகளை அப்படியே படியெடுத்தால் அவை வேறு முதன்மைப் பதிப்பில் இயங்கா. உரைவடிவில் எடுத்த படி புதிய பதிப்புக்குச் செல்லும், ஆனால் பழைய பதிப்புக்குச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை.

அகராதித் தரவும் சுவடி அட்டவணையும் பல்லாண்டு உழைப்பின் விளைவுகள். அவற்றின் காப்புப்படி உரைவடிவில் இருத்தல் வேண்டும். குறியேற்றத்தின் பெயரும் மென்பொருட் பதிப்பும் அதனுடன் குறிக்கப்பெறல் வேண்டும். வேறொரு கணினியில் மீட்டுப் படித்துச் சரிபார்த்தலும் வேண்டும். ஓலை சிதையுமுன் படியெடுத்த மரபு நம்முடையது. படியெடுத்தவர் எழுத்தை அறிந்திருந்தமையாலேயே அம்மரபு பயன் தந்தது. குறியேற்றம் குறிக்கப்பெறாத படி, எழுத்தறியாதவர் எடுத்த படியை ஒக்கும்.