எச்-இண்டெக்ஸ் இரண்டு

போன மாதம் நண்பன் போன் செய்தான். கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவன். "டேய், நீதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே, என்னோட எச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு. பதவி உயர்வு படிவத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் வச்சிருக்கானுங்க" என்றான்.

பார்த்தேன். 2. சொல்லவே சங்கடமாகத்தான் இருந்தது. எட்டு வருடம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று தமிழில் ஒரு தடிப் புத்தகம் எழுதியவன் அவன். இந்த நம்பர் எங்கிருந்துதான் வந்தது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை வக்கீல்களிடம் ஆரம்பிக்கிறது. 1873ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்று பட்டியல் போட்டு, பசை தடவிய சீட்டுகளாக விற்றார். வக்கீல்கள் வாங்கிச் சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பழைய தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

இதை அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955ல் சயன்ஸ் இதழில் யோசனையை எழுதினார். 1964ல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. இதுவும் அடிப்படையில் தேடுவதற்கான கருவிதான். ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனுஷன் சும்மா இருப்பானா? ஆட்களுக்கு மார்க் போட ஆரம்பித்தாயிற்று.

1978ல் இலக்கியம், வரலாறு, தத்துவம் மாதிரி துறைகளுக்கும் ஒன்று வந்தது: ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டிஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ். 1980 முதல் 1992 வரை அதில் அதிகம் சுட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? மார்க்ஸ், லெனின், ஷேக்ஸ்பியர், அரிஸ்டாட்டில், பைபிள் (!), பிளேட்டோ, ஃப்ராய்ட். எட்டாவது இடத்தில் நோம் சாம்ஸ்கி. முதல் பத்தில் அப்போது உயிரோடு இருந்தவர் அவர் ஒருத்தர்தான் :-)

இங்கேதான் இடிக்கிறது. ஒரு வேதியியல் கட்டுரையை இன்னொருவர் சுட்டினால், பெரும்பாலும் அதன் முடிவைத் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம். ஷேக்ஸ்பியரைச் சுட்டுபவருக்கோ ஷேக்ஸ்பியர்தான் ஆராய்ச்சிப் பொருளே. இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டினால் என்ன விடை வரும்?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இந்த இண்டெக்ஸ் எண்ணியது ஆய்விதழ்களின் அடிக்குறிப்புகளை. ஆனால் வரலாற்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வதில் பாதி புத்தகங்களில் நடக்கிறது. புத்தகங்களின் அடிக்குறிப்புகளை எண்ண அதே குடும்பத்தில் தனி இண்டெக்ஸ் வந்ததே 2011ல்தான். தமிழ்ப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு நடுவில் 2005ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைக் கொடுத்தார். தலா பத்து தடவையாவது சுட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருந்தால் எச் 10. கணக்கு அழகுதான். ஆனால் வாழ்நாளில் இரண்டே புத்தகம் எழுதியவருக்கு, அவற்றை ஆயிரம் பேர் சுட்டினாலும் எச் இரண்டைத் தாண்டாது. புரோகிராமரை எத்தனை வரி கோடு எழுதினான் என்று அளப்பது மாதிரி. அந்த வலி நமக்கும் தெரியுமே!

இதை எதிர்த்துக் குரல் எழாமலும் இல்லை. யூரோப்பியன் சயன்ஸ் ஃபவுண்டேஷன், ஐரோப்பாவின் கலைத்துறை ஆய்விதழ்களை ஏ, பி, சி என்று பிரித்துப் பட்டியல் போட்டது. உடனே அறிவியல் வரலாற்று இதழ்களின் ஆசிரியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, 'எங்கள் இதழ்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்' என்று கூட்டறிக்கை விட்டார்கள். சின்ன மொழியில், குறைந்த பேர் படிக்கும் இதழிலும் அருமையான ஆய்வு வரலாம் என்பது அவர்கள் வாதம். பிற்பாடு வந்த திருத்திய பட்டியலில் ஏ, பி, சி காணாமல் போயிருந்தது.

கார்ஃபீல்ட் மேலோ ஹிர்ஷ் மேலோ எனக்குக் கோபமில்லை. அடுத்து எதைப் படிக்கலாம் என்று வழிகாட்டச் செய்த கருவியை, படிக்காமலே தீர்ப்புச் சொல்ல வசதியாக மாற்றிக்கொண்டது நாம்தான்.

நண்பனிடம் கட்டத்தில் 2 என்றே எழுதச் சொன்னேன். கூடவே புத்தகத்தையும் ஒரு பிரதி இணைக்கச் சொன்னேன்.

"கமிட்டில ஒருத்தராவது பிரிச்சுப் படிச்சா போதும்டா. படிச்சுட்டுத் திட்டினாக்கூடப் பரவாயில்ல" என்றான்.