வளரறி மதிப்பீடு

பாடம் நடக்கும்போதே மாணவருக்கு எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று கண்டு, கற்பித்தலை உடனே திருத்திக்கொள்ள உதவும் மதிப்பீடு. பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டிலிருந்து வேறானது. 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் கலைத்திட்ட மதிப்பீட்டுக்காக முன்வைத்த இவ்வேறுபாட்டைப் பெஞ்சமின் புளூம் மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் வளரறி மதிப்பீடு 2012-13இல் முப்பருவ முறையுடன் எட்டாம் வகுப்பு வரை அறிமுகமானது. அப்போது 100இல் 40 மதிப்பெண் இதற்கு ஒதுக்கப்பட்டது: செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20. மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதோடு நின்றுவிட்டால் இதன் உயிரே போய்விடும். எடுத்துக்காட்டாக, 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் குழந்தை, தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. "எப்படிச் செய்தாய்?" என்று பொறுமையாகக் கேட்கும் ஆசிரியருக்கே அது தெரியவரும். பிறகு காகிதத்தை மடித்துப் பார்க்கச் சொன்னால், விடை அரையைவிடக் குறையாது என்பது குழந்தைக்கே புலப்படும்.