முத்துக்குளித்துறை

முத்துக்குளித்துறை என்பது தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட மன்னார் வளைகுடாக் கரை. வேம்பார், வைப்பாறு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகிய பரதவர் ஊர்கள் இதில் அடங்கும். பாண்டியரின் துறைமுகமான கொற்கை தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்தது; ஆற்று வண்டல் சேர்ந்து கடல் விலகியதால் இன்று அது கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது.

முத்துச்சிப்பிகள் கடலடியில் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் ஒட்டி வளர்பவை. கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரையில் குளிப்பு நடக்கும். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்குவார். கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்ததும், தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். குளியாளியின் உயிர் அந்தக் கயிற்றுக்காரர் கையில்தான். கரைசேர்ந்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் அலசி முத்தெடுப்பார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. சங்குகுளிப்பு மட்டும் இன்றும் தொடர்கிறது.

போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரை இந்த முத்து இழுத்து வந்தது. 1542இல் கிறித்தவ மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஆகஸ்டு 5 அன்று நிறைவுறும். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டது. இன்றைய பெருந்துறைமுகம் அவர் பெயரைத் தாங்குகிறது.

திருச்செந்தூருக்குப் போகும் வழியில் தூத்துக்குடியை எட்டிப் பார்ப்பவர்களே அதிகம். அவர்கள் மணப்பாட்டையாவது தவறவிடக் கூடாது. மணல் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே கடலுக்குள் நீளும் மணல்திட்டு, அலைச்சறுக்குக்கு ஏற்ற கடல் என எல்லாம் அங்கே ஒரே இடத்தில் வாய்த்திருக்கின்றன. துறைமுகத்தை அடுத்த முயல் தீவு உள்ளூர்க்காரர்களின் காணும் பொங்கல் களம்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. கடற்பசு, கடலாமை, பவளப்பாறை, கடற்புல் யாவும் இதற்குள் உண்டு. பூங்காத் தீவுகளில் வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு அவசியமானதே. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டியதில் அலைத்தடுப்பு போய், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலங்குசல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, அதைச் சுற்றி இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.