பொருளிலிருந்து உரிமைக்கு: ஆஸ்திரேலியாவில் மென்பொருள் பதிவேட்டின் வரலாறு

ஒரு நிறுவனம் தனக்குச் சொந்தமான மேசை, கணினி, வாகனம் முதலியவற்றை வரிசை எண்ணிட்டுக் குறித்துவைக்கும் ஏடு சொத்துப் பதிவேடு எனப்படும். கண்ணால் கண்டு எண்ணக்கூடிய பொருள்களுக்காக உருவான இவ்வேட்டில், மென்பொருள் உரிமம், அதாவது ஒரு மென்பொருளை இன்ன வரம்புக்குள் பயன்படுத்திக்கொள்ள அதன் உடைமையாளர் தரும் அனுமதி, மிகத் தாமதமாகவே இடம்பெற்றது. அவ்வாறு இடம்பெற்ற பின்னும், பல மென்பொருள்களை ஒரே விலைக்குள் கட்டி விற்கும் தொகுப்பு உரிமம் பதிவேட்டைத் தொடர்ந்து திணறச் செய்து வந்திருக்கிறது. பொருளை எண்ணப் பிறந்த ஏடு உரிமையை எண்ணக் கற்றுக்கொண்ட இம்மாற்றத்தின் பல கட்டங்களைச் சிட்னி, மெல்பர்ன் ஆகிய இரு நகரங்களின் வரலாற்றிலேயே காணலாம்.

டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் சிட்னியில் உருவாக்கிய கணினி, 1949 நவம்பரில் தன் முதல் சோதனை நிரலை இயக்கியது. 1955இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிசிராக் என்ற பெயருடன் 1964 வரை உழைத்த அக்கணினிக்கான நிரல்களை, அதைப் பயன்படுத்திய ஆய்வாளர்களே எழுதிக் காகித நாடாவில் துளையிட்டு வைத்தனர். எனவே விலைமதிப்புடைய பொருளாக எண்ணத்தக்கது இயந்திரம் ஒன்றே. வணிகக் கணினிகளிலும் நிலைமை இதுவேயாக இருந்தது. ஐபிஎம் நிறுவனம் தன் நிரல்களுக்குத் தனி விலை வைக்காமல் இயந்திரக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கி வந்தது. அமெரிக்க அரசு அதன்மீது ஏகபோக எதிர்ப்பு வழக்கைத் தொடுத்த 1969ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில், நிரல்களுக்குத் தனியே விலை வைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஆக, முதல் தொகுப்பு இயந்திரமும் நிரலும் சேர்ந்தது. அது அவிழ்ந்தபோதுதான் மென்பொருள் தனிச் சரக்காயிற்று.

விலை வந்துவிட்ட அச்சரக்குக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்ற வினா ஆஸ்திரேலியாவில் 1983இல் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆப்பிள் கணினியின் நிரல்களை உள்ளடக்கிய ‘வாம்பட்’ என்னும் போலிக் கணினியை கம்ப்யூட்டர் எட்ஜ் என்ற நிறுவனம் இறக்குமதி செய்து விற்க, ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிரல் ‘இலக்கியப் படைப்பு’ அன்று என்றார். பதிப்புரிமைச் சட்டம் எழுத்துவடிவப் படைப்புகளைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் இது. 1984இல் மேல்முறையீட்டு அமர்வு அத்தீர்ப்பை மாற்ற, நாடாளுமன்றமும் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி நிரலை இலக்கியப் படைப்புக்குள் அடக்கியது. திருத்தத்துக்கு முந்தைய சட்டத்தைக் கொண்டு வழக்கை ஆராய்ந்த, நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர்மன்றம், சில்லுக்குள் பதிந்திருக்கும் இயந்திர மொழி வடிவத்துக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று 1986இல் முடிவுகூறிற்று. எனினும் திருத்தம் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனி மென்பொருளை வாங்குவது என்பது ஒரு படைப்பைப் பயன்படுத்தும் அனுமதியை வாங்குவதே என்பது உறுதிப்பட்டது.

அந்த அனுமதியை எண்ணுவதற்கு விற்பனையாளர்கள் முதலில் கையாண்ட வழி, அதை மீண்டும் ஒரு பொருளாக்குவதாகும். கட்டட வரைபடங்களுக்குரிய ஆட்டோகேட் மென்பொருளுடன் ‘ஆட்டோகேட் லாக்’ என்ற சிறு மின்னணுப் பூட்டு வழங்கப்பட்டது. மென்பொருளை எத்தனை கணினிகளில் ஏற்றினாலும், பூட்டு இணைந்திருக்கும் கணினியில் மட்டுமே அது ஓடும் என்பதால், பூட்டுகளை எண்ணினால் உரிமங்களை எண்ணியதாகும். அப்பூட்டின் மின்சமிக்ஞைகளை ஆராய்ந்து மாற்றுப் பூட்டு செய்து விற்றவர்கள் மீது ஆட்டோடெஸ்க் தொடுத்த வழக்கில், 127 பிட்டுகள் கொண்ட அட்டவணையொன்றை அவர்கள் மறுஆக்கம் செய்திருப்பதே பதிப்புரிமை மீறல் என்று உயர்மன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

தொகுப்பு உரிமம் பெருகியபோது பூட்டுகளை எண்ணும் இவ்வழி போதாமற் போயிற்று. 1989இல் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் ஆகியவற்றைச் சேர்த்து மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆபீஸ் தொகுப்பு இதற்குத் தக்க சான்று. கணினியைத் துருவிப் பார்க்கும் கருவி மூன்று மென்பொருள்களைக் காண்கிறது; வாங்கிய ஆவணமோ ஒன்றையே காட்டுகிறது. மூன்றையும் மூன்று உரிமமாக எழுதினால் இல்லாத பற்றாக்குறை தோன்றும். ஒரே கட்டிலுள்ள வேர்டை ஒரு கணினியிலும் எக்செலை வேறொன்றிலும் ஏற்றிவிட்டு அதை ஒரே உரிமமாக எழுதினால், கட்டைப் பிரித்துப் பயன்படுத்த அனுமதியில்லாதபோது, உண்மையான பற்றாக்குறை மறைந்துபோகும். தமிழ்நாட்டு நிலக் கணக்கில் யாருக்கு உரிமை என்பதைப் பட்டாவும், வயலில் என்ன விளைகிறது என்பதை அடங்கலும் காட்டுவதுபோல, மென்பொருளுக்கும் இருவகைக் கணக்கு வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிடும் வேலையே மென்பொருள் சொத்து மேலாண்மை எனப் பெயர்பெற்றது.

இந்த ஒப்பீட்டுக்குரிய கருவிகளுள் முக்கியமான ஒன்று மெல்பர்னில் வளர்ந்தது. அங்கு இயங்கிய ஓப்பன் சாஃப்ட்வேர் அசோசியேட்ஸ், வலையமைப்பின் வழியே பல கணினிகளுக்கு மென்பொருளைக் கொண்டுசேர்க்கும் நெட்டிப்ளாய் என்ற கருவியை உருவாக்கியது. எதை அனுப்ப வேண்டும் என்பதற்கு எது ஏற்கெனவே இருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். இருப்புக் கணக்கு கைக்கு வந்தபின் உரிமக் கணக்கு அடுத்த படியாயிற்று. பின்னர் மேனேஜ்சாஃப்ட் எனப் பெயர் மாறிய இந்நிறுவனத்தை அமெரிக்காவின் ஃப்ளெக்செரா 2010இல் வாங்கியது. கண்டறியப்பட்ட கோப்புகளைத் தயாரிப்புகளாக இனங்காணும் நூலகமும், எந்தத் தயாரிப்பு எந்தத் தொகுப்பின் உறுப்பு என்று அறிந்து ஒரே உரிமத்தின்கீழ்ச் சேர்க்கும் முறையும் ஃப்ளெக்செராவின் கருவியில் அமைந்தன. இருப்பு வேறு, உரிமை வேறு என்ற இதே பிரிவினை உலக அளவிலும் ஏற்கப்பட்டது: ஐஎஸ்ஓ 19770 தர வரிசையில், நிறுவப்பட்ட மென்பொருளை அடையாளம் காட்டும் பகுதி 2009இலும், வாங்கிய உரிமையை விவரிக்கும் பகுதி 2016இலும் தனித்தனியே வெளிவந்தன.

தொகுப்பின் விலையும் பொதுப் பிரச்சினையாயிற்று. தகவல்தொழில்நுட்பப் பொருள்களுக்கு ஆஸ்திரேலியர் கூடுதல் விலை தருவதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, 2013 மார்ச்சில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி ஆகியவற்றை அழைத்து விசாரித்து, அவ்வாண்டு ஜூலையில் அறிக்கை தந்தது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ தொகுப்பொன்றின் விலை அமெரிக்க விலையைவிட 8,665 டாலர் கூடுதல் என்றும், ஓர் ஊழியரை இருமுறை விமானத்தில் அங்கு அனுப்பி வாங்கிவரச் செய்தாலும் பணம் மிஞ்சும் என்றும் சாய்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பு எடுத்துக்காட்டியது.

அதே 2013இல் அடோபி, ஒருமுறை வாங்கி நிலையாகப் பயன்படுத்தும் தன் தொகுப்பைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. 2002இல் சிட்னியில் தொடங்கப்பட்ட அட்லாசியன், வாடிக்கையாளர் தம் கணினியில் நிறுவிக்கொள்ளும் சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15 அன்று முடித்துக்கொண்டு, இணையத்தின் வழியே பயன்படுத்தும் மேகவழிச் சேவைக்கு அவர்களை நகர்த்தியது. கணக்கியலும் இம்மாற்றத்தைப் பின்தொடர்ந்தது: மேகவழி மென்பொருளைத் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளும் செலவு, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் சொத்து எதையும் உருவாக்காதவிடத்து, செலவாகவே எழுதப்பட வேண்டும் என்று பன்னாட்டு நிதி அறிக்கைத் தர விளக்கக் குழு 2021இல் தெளிவுபடுத்த, அத்தரங்களைப் பின்பற்றும் ஆஸ்திரேலிய நிறுவனங்களும் தம் ஏடுகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

இயந்திரம், பூட்டு, கட்டு, சந்தா என எண்ணப்படும் அலகு அடுத்தடுத்து மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அலகை நிர்ணயித்தது சட்டமும் விற்பனை ஒப்பந்தமுமே, பதிவேடு அன்று. ஆதலால் தொகுப்பு உரிமத்தை ஒப்பந்தத்தின் பெயரால் ஒரே பதிவாக எழுதி, உறுப்பு மென்பொருள்களை அதன்கீழ் இணைத்துக் காட்டும் ஏடே வரலாற்றுக்குப் பொருந்திய ஏடாகும். கணினியில் கண்டதை மட்டும் எழுதும் ஏடு பட்டாவைப் பாராமல் எழுதிய அடங்கலேயாகும்.